டாரட்டில் எட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரட் (பலன் பார்க்கும் சீட்டுக்கட்டு) கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பலரும் முதலில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்களுக்குப் பொருள் மனப்பாடம் செய்வார்கள். ஏழு வரைக்கும் ஒருவழியாக ஓடிவிடும். எட்டில் வந்து மாட்டிக்கொள்வார்கள். ஒரு எட்டில் தடிகள் வானத்தில் பறக்கின்றன, இன்னொரு எட்டில் ஒருத்தி கண்ணும் கையும் கட்டப்பட்டு நிற்கிறாள். இரண்டுக்கும் எப்படி ஒரே எண்? போதாததற்கு, மேஜர் அர்கானா என்கிற முக்கியக் கார்டுகளில் எட்டாவது கார்டு எது என்பதிலேயே கட்டுக்குக் கட்டு வித்தியாசம். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு கட்டில் எத்தனை எட்டு இருக்கும்?

ஐந்து. மொத்தம் 78 கார்டு. அதில் 22 மேஜர் அர்கானா, 56 மைனர் அர்கானா. மைனரில் வாண்ட்ஸ் (தடி), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (காசு) என்று நான்கு வகை. வகைக்கு ஒரு எட்டு என்றால் நான்கு. மேஜரில் எட்டாம் எண் போட்ட கார்டு ஒன்று. எட்டுக்குத் தூரத்துச் சொந்தம் போல ஆறாவதாக ஒன்றும் உண்டு, 17-ஆம் எண் ஸ்டார். ஒன்றும் ஏழும் கூட்டினால் எட்டு வருகிறதே, அதனால். அதைப் பிறந்த தேதி பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

சரி, சுருக்கமாக எட்டுக்கு என்னதான் பொருள்?

வேகம், கட்டுப்பாடு, உழைப்பு, மாற்றம், வலிமை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவும் தவறில்லை, ஆனால் இப்படி ஐந்து சொல்லை உருப்போட்டால் கார்டு முன்னால் வரும்போது ஒன்றும் உதவாது. நான் எட்டை ஒரு கேள்வியாக வைத்துக்கொள்கிறேன்: கையில் இருக்கும் சக்தியை என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

வகையின் முதல் கார்டான ஏஸில் சக்தி அப்போதுதான் வந்து சேர்கிறது. மேகத்திலிருந்து ஒரு கை நீண்டு அதைக் கொடுக்கிறது. எட்டுக்கு வரும்போது அது பழைய சரக்கு. ஏழு தடவை அதைப் பிடித்து, தடுமாறி, தொலைத்து, மீட்டு வந்தாகிவிட்டது. சக்தி இருக்கிறதா என்று இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அதை அவிழ்த்து விடுகிறோமா, வேறு பக்கம் திருப்புகிறோமா, கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமா, தினமும் பழக்குகிறோமா என்பதுதான் விஷயம். நான்கு வகையும் இந்த நான்கு பதில்களைச் சொல்கின்றன. வாண்ட்ஸ் விடுகிறது, கப்ஸ் திருப்புகிறது, ஸ்வார்ட்ஸ் கட்டிவைக்கிறது, பென்டகிள்ஸ் பழக்குகிறது. மேஜர் எட்டு அதே சக்தியைச் சிங்கமாக வரைந்து பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்துகிறது.

மேஜரில் எட்டு என்பது ஸ்ட்ரென்த்தா (வலிமை), ஜஸ்டிஸா (நீதி)? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

இரண்டும் சரிதான். நிறையக் கேட்கப்படும் கேள்வி என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகத்தான் பிறந்தது. விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ட்சா கட்டு போன்ற ஆரம்பகாலக் கையோவியக் கட்டுகளில் மேஜர் கார்டுகளுக்கு எண்ணே கிடையாது. எது எதை வெல்லும் என்பது விளையாடுகிறவர்களுக்கு மனப்பாடம். அந்த வரிசையும் ஊருக்கு ஊர் மாறியது. 1500-ஐ ஒட்டிய ஒரு லத்தீன் பிரசங்கக் கையெழுத்துப் படியில் இருக்கும் பட்டியலில் எட்டாவது இடத்தில் இருப்பது தேர்! ஜஸ்டிஸ் அங்கே இருபதாவது. பிறகு மார்செய் என்ற பெயரில் பரவிய பிரெஞ்சுக் கட்டுகளில் ஜஸ்டிஸ் எட்டு, ஸ்ட்ரென்த் பதினொன்று என்று நிலைபெற்றது. பல தலைமுறைகளுக்கு அதுதான் வரிசை.

மாற்றம் 1888-இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற ரகசியக் குழுவிலிருந்து வந்தது. ஹீப்ரு எழுத்து 22, மேஜர் கார்டு 22. இரண்டையும் அவர்கள் ஜோடி சேர்த்தார்கள். ஃபூலுக்கு முதல் எழுத்து, மஜிஷியனுக்கு இரண்டாவது என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்த எழுத்துகளில் பன்னிரண்டு, பன்னிரண்டு ராசிகளுக்கு உரியவை. எம்பெரருக்கு மேஷம், ஹையரோஃபன்டுக்கு ரிஷபம், லவர்ஸுக்கு மிதுனம், தேருக்குக் கடகம். அடுத்தது எட்டாம் கார்டு, அதற்குச் சிம்மம் வர வேண்டும். ஆனால் பழைய வரிசைப்படி எட்டில் உட்கார்ந்திருப்பவள் கையில் தராசு! துலாமுக்கு உரிய பதினொன்றில் போய்ப் பார்த்தால் அங்கே சிங்கம். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் சிங்கம் சிம்மத்துக்கும் தராசு துலாமுக்கும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மாற்றிவிட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட், ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித்தை வைத்து 1909-இல் வெளியிட்ட கட்டுதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ரைடர்-வெயிட்-ஸ்மித். அதில் ஸ்ட்ரென்த் எட்டு. ஏன் மாற்றினேன் என்று அவர் விளக்கவில்லை. தனக்குத் திருப்தியான காரணங்கள் இருக்கின்றன என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டார். ரகசியம் காப்பதாக உறுதி எடுத்தவர், வேறு எப்படி எழுதுவார்? பிறகு அலெய்ஸ்டர் க்ரௌலி, ஃப்ரீடா ஹாரிஸை வைத்து உருவாக்கிய தோத் கட்டில் எண்களை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோனார். அங்கே எட்டின் பெயர் அட்ஜஸ்ட்மென்ட், பதினொன்றின் பெயர் லஸ்ட்.

பழைய வரிசைக்கும் ஒரு நியாயம் உண்டு. எட்டை நான்கு நான்காகவும், நான்கை இரண்டு இரண்டாகவும், இரண்டை ஒன்று ஒன்றாகவும் மீதி இல்லாமல் பிரித்துக்கொண்டே போகலாம். பித்தாகரஸ் வழிவந்தவர்கள் இதனால் எட்டை நீதியின் எண் என்றார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் குறித்துவைத்திருக்கிறார். தராசை மனதில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு அழகு! இதற்காகத்தான் ஜஸ்டிஸ் எட்டில் வைக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பொருத்தம் வேறு, காரணம் வேறு.

அப்படியானால் நான் எதைப் பின்பற்றுவது?

கையில் இருக்கும் கட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை. இதில் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். இரவல் வாங்கிய மார்செய் கட்டு. சொத்துத் தகராறு பற்றிக் கேட்டவருக்கு ரோமானிய எண்ணில் எட்டு போட்ட கார்டு வந்தது. கண் எண்ணைப் பார்த்தது, வாய் பழக்கதோஷத்தில் ஸ்ட்ரென்த் பாடத்தை ஒப்பித்தது: “பொறுமையாக இருங்கள், அன்பால் வெல்லுங்கள்…” அவர் கார்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்தம்மா கையில் கத்தியும் தராசும் இருக்கிறதே?” என்றார். அன்றிலிருந்து எண்ணைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

ஸ்ட்ரென்த் பெண்ணின் தலைக்கு மேல் எட்டு படுத்திருக்கிறதே, அது எட்டாம் கார்டு என்பதாலா?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ஆனால் அது இந்தக் கார்டுக்கு எட்டாம் எண் கிடைப்பதற்கு முன்பே வந்த சமாச்சாரம். மார்செய் கட்டில் பதினொன்றாம் எண்ணோடு இருக்கும் ஸ்ட்ரென்த்தைப் பாருங்கள். அவள் தொப்பியின் விளிம்பு இரண்டு பக்கமும் அகலமாக வளைந்து, படுத்த எட்டைப் போலவே இருக்கும். அதே தொப்பி ஒன்றாம் கார்டு மஜிஷியன் தலையிலும் உண்டு. பின்னால் வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வளைவை மட்டும் காற்றில் மிதக்கவிட்டார்கள்.

கணிதத்தில் முடிவிலிக்கு இந்தக் குறியைப் போட்டவர் ஜான் வாலிஸ், 1655-இல். வெயிட் கட்டில் இது இன்னும் சில இடங்களில் வருகிறது. பென்டகிள்ஸ் இரண்டில் இரண்டு காசுகளைச் சுற்றி ஓடும் பச்சை நாடாவைப் பாருங்கள். ஆகவே குறி வேறு, எண் வேறு. ஆனாலும் ஸ்ட்ரென்த்தில் இரண்டும் வந்து சேர்ந்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் அந்தக் கையில் இறுக்கமே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? சிங்கமும் வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு நிற்கிறது. மல்லுக்கட்டு எப்போதோ முடிந்துவிட்டது.

வாண்ட்ஸ் எட்டில் ஏன் ஆளே இல்லை?

ஸ்மித் வரைந்த மைனர் கார்டுகளில் ஏஸ்களை விட்டுவிட்டால், மனித உருவமே இல்லாதவை இரண்டுதான். ஒன்று இதயத்தில் மூன்று வாள் பாய்ந்திருக்கும் ஸ்வார்ட்ஸ் மூன்று, மற்றது இந்த வாண்ட்ஸ் எட்டு. எட்டுத் தடிகள் சாய்வாகப் பறக்கின்றன, கீழே ஒரு ஆறு, மலைமேல் ஒரு வீடு. ஆள் இல்லாததற்கு நான் எடுத்துக்கொள்ளும் காரணம் எளிமையானது: எறிந்தவர் எறிந்துவிட்டார். விண்ணப்பம் போய்விட்டது, செய்தி அனுப்பியாகிவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை.

பலர் இதை ‘ஆரம்பம்’ என்று படிக்கிறார்கள். இது ஆரம்பமில்லை. தடிகள் தரையை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. பயணத்தின் கடைசிப் பகுதி. பதில் வரப்போகிறது என்று சொல்லலாம். நல்ல பதிலா என்பது பக்கத்துக் கார்டின் வேலை.

கப்ஸ் எட்டு வந்தால் பிரிவுதானா?

எல்லோரையும் கலவரப்படுத்துகிற கார்டு இது. உறவு பற்றிய கேள்விக்கு இது வந்ததும் முகம் சுருங்கிவிடுகிறது. படத்தை நிதானமாகப் பார்ப்போம். சிவப்பு மேலங்கி போட்ட ஒருவர், கையில் கோலுடன், நமக்கு முதுகைக் காட்டி மலைப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறார். இரவு. மேலே நிலா, அதில் கண்மூடிக் குனிந்த ஒரு முகம். நமக்கு முன்னால் எட்டுக் கோப்பைகள்: கீழே ஐந்து, மேலே மூன்று. மேல் வரிசையில் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடத்தில் இன்னொரு கோப்பை இருந்திருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தோன்றும்.

இப்போது கப்ஸ் ஐந்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அங்கே மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கும், உள்ளே இருந்தது தரையில் ஓடும். எட்டில் ஒன்றுகூடக் கவிழவில்லை, உடையவில்லை. அழகாக அடுக்கிவைத்திருக்கிறது. கோல்டன் டான் இதற்கு வைத்த பெயர் ‘கைவிடப்பட்ட வெற்றி’. தோற்று ஓடுகிறவர் இல்லை இவர். எல்லாம் இருந்தும் அந்த ஒரு இடைவெளி உறுத்திக்கொண்டே இருந்ததால் கிளம்பியவர்.

அதனால் பிரிவு என்று சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: “எதையாவது ஏற்கெனவே மனசால் விட்டுவிட்டீர்களா?” பெரும்பாலும் ஆம் என்பார்கள், ஆனால் அது அவர்கள் கேட்க வந்த உறவாக இருக்காது. ஒரு பட்டப்படிப்பு, ஒரு பதவி ஆசை, எப்போதோ ஒருவரிடமிருந்து எதிர்பார்த்த மன்னிப்பு. உண்மையில் உறவை விட்டுப் போவதாக இருந்தாலும் இந்தக் கார்டில் சண்டை இல்லை, கதவை அறைந்து சாத்தும் சத்தம் இல்லை. சத்தம் போடுகிறவர்களுக்கு வேறு கார்டுகள் வரும்.

ஸ்வார்ட்ஸ் எட்டு? “நீயாகப் போட்டுக்கொண்ட கட்டு” என்கிறார்களே?

இந்த விளக்கத்தோடு எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சண்டை. உடன்பாடு இதில்: அவளைச் சுற்றியிருக்கும் துணி இறுக்கமாக இல்லை. கால் கட்டப்படவில்லை. வாள்கள் முழு வட்டமாக நிற்கவில்லை, முன்பக்கம் திறந்தே இருக்கிறது. காவலுக்கும் யாரும் இல்லை. தற்காலிகச் சிறை, மீளமுடியாத அடிமைத்தனம் இல்லை என்கிற பொருளில்தான் வெயிட்டும் எழுதினார். அவள் ஒரு அடி எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

சண்டை இதில்: வாள்கள் கற்பனை இல்லை. கூர்மையாக, தரையில் குத்தி நிற்கின்றன. காலடியில் ஈரமும் சேறும். கண் கட்டியிருக்கும் ஒருவர் எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரியாமல் அசையாமல் நிற்பது கோழைத்தனமா? வீட்டில் அடி வாங்குகிறவரிடமோ கடனில் முழுகியவரிடமோ போய், “எல்லாம் உங்கள் மனசில்தான் இருக்கிறது” என்று இந்தக் கார்டைக் காட்டிச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். முதலில் கண்கட்டை அவிழ்க்க யார் உதவுவார்கள் என்று கேளுங்கள். பின்னால் பாறைமேல் ஒரு கோட்டை தெரிகிறது. மனிதர் வசிக்கும் இடம் ரொம்ப தூரத்தில் இல்லை.

பென்டகிள்ஸ் எட்டு என்றால் வேலை கிடைக்கும் என்று அர்த்தமா?

வேலை ‘செய்கிறார்’ என்று அர்த்தம். கிடைக்குமா என்பதற்கு ஏஸ் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, சுத்தியலும் உளியுமாக ஒருவர் காசில் நட்சத்திரம் செதுக்குகிறார். முடித்தவற்றைத் தூணில் மாட்டிவைத்திருக்கிறார். ஊர் எங்கோ தூரத்தில். பென்டகிள்ஸ் மூன்றிலும் ஒரு கைவினைஞர் உண்டு, ஆனால் அங்கே வரைபடத்தை விரித்துக்கொண்டு இரண்டு பேர் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். இங்கே பாராட்டவோ திருத்தவோ யாரும் இல்லை. ஏழாவது காசும் எட்டாவது காசும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். வித்தியாசம் கைக்குத்தான் தெரியும்.

ஒரு சின்னக் கிளைக்கதை. மேற்கத்திய மரபில் நான்கு தலையாய நற்பண்புகள்: நீதி, மனவலிமை, நிதானம், விவேகம். முதல் மூன்றும் மேஜர் அர்கானாவில் ஜஸ்டிஸ், ஸ்ட்ரென்த், டெம்பரன்ஸ் என்று இருக்கின்றன. விவேகத்துக்கு மட்டும் கார்டு இல்லை. எங்கே போனாள் என்பது டாரட் ஆர்வலர்களின் நிரந்தரப் புதிர். ஹெர்மிட்தான் என்பவர்களும் உண்டு. கோல்டன் டான் பென்டகிள்ஸ் எட்டுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? விவேகம். எட்டாம் இடத்துக்கு ஜஸ்டிஸும் ஸ்ட்ரென்த்தும் உரிமை கொண்டாடுகிறார்கள், காணாமல் போனவள் பெயர் ஒரு சின்ன எட்டின்மேல் இருக்கிறது. நான்கில் மூன்று பேர் எட்டிலேயே! திட்டமிட்டதில்லைதான், ஆனால் எனக்கு இது ரொம்பப் பிடித்த தற்செயல்.

எண் கணிதத்தில் எட்டு என்றால் சனி, கஷ்டம் என்கிறார்கள். டாரட்டிலும் அப்படியா?

இல்லை. அது வேறு அமைப்பு. கோல்டன் டான் வழி டாரட்டில் எண்களுக்குக் கிரகம் கபாலா என்ற யூத மறைஞானத்தின் மர வரைபடத்திலிருந்து வருகிறது. அதில் எட்டாவது இடம் ஹோட், அதற்குரிய கிரகம் புதன். பேச்சு, கணக்கு, கைத்திறன், தந்திரம். சனி அந்த மரத்தில் மூன்றாம் இடம். நான்கு எட்டுகளில் சனியின் பெயர் வருவது ஒன்றே ஒன்றில், மீனத்தில் சனி என்று கப்ஸ் எட்டில். இரண்டு அமைப்பையும் கலந்து, எட்டு வந்தாலே ‘கஷ்டகாலம்’ என்று சொல்லிவிட்டால் பென்டகிள்ஸ் எட்டில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன பதில் சொல்வது?

எப்போது நடக்கும் என்று எட்டை வைத்துச் சொல்ல முடியுமா? எட்டு நாளா, எட்டு வாரமா?

எண்ணை நாளாகவும் வாரமாகவும் மாற்றும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஏனென்றால் நாளா வாரமா மாதமா என்பதை எப்படியும் நாமேதான் முடிவு செய்கிறோம். ராசி வழி கொஞ்சம் சுவாரசியமானது. ஒவ்வொரு ராசியையும் பத்துப் பத்துப் பாகையாக, அதாவது திரேக்காணங்களாகப் பிரித்து, இரண்டு முதல் பத்து வரையிலான மைனர் கார்டுகளுக்கு ஒன்றொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று, நான்கு சர ராசிகளுக்கு. ஐந்து, ஆறு, ஏழு ஸ்திர ராசிகளுக்கு. எட்டு, ஒன்பது, பத்து உபய ராசிகளுக்கு. எட்டுகள் நான்கும் உபய ராசிகளின் முதல் திரேக்காணம். மேற்கத்தியக் கணக்கில் வாண்ட்ஸ் எட்டு தனுசு, சுமார் நவம்பர் 22 முதல் பத்து நாள். கப்ஸ் எட்டு மீனம், பிப்ரவரி 19-ஐ ஒட்டி. ஸ்வார்ட்ஸ் எட்டு மிதுனம், மே 21-ஐ ஒட்டி. பென்டகிள்ஸ் எட்டு கன்னி, ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி. இது சாயனக் கணக்கு. நிராயணக் கணக்கில் பழகியவர்கள் அந்தத் தேதிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உபயம் என்றதும் எட்டின் குணம் கொஞ்சம் பிடிபடும். பருவம் மாறுகிற நேரத்து ராசிகள் அவை. இருந்தது முடிகிறது, வருவது இன்னும் வந்து சேரவில்லை.

பிறந்த தேதியைக் கூட்டினால் எட்டு வருகிறது. என் கார்டு எது?

தேதி, மாதம், வருடம் மூன்றையும் முழு எண்களாகக் கூட்டி, வந்த விடையின் இலக்கங்களைக் கூட்டுவது ஒரு முறை. 12-8-1995 என்றால் 12 + 8 + 1995 = 2015; 2 + 0 + 1 + 5 = 8. ஸ்ட்ரென்த். பழைய வரிசையில் படிப்பவருக்கு ஜஸ்டிஸ்.

4-8-1958 என்றால் 4 + 8 + 1958 = 1970; இலக்கங்களைக் கூட்டினால் 17. அது ஸ்டார். 17-ஐ மறுபடி கூட்டினால் 8. இவருக்கு ஸ்டாரும் ஸ்ட்ரென்த்தும் ஜோடி. இதே தேதியை ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள்: 4 + 8 + 1 + 9 + 5 + 8 = 35, அதிலிருந்து நேராக 8. ஸ்டார் காணாமல் போய்விட்டது! எந்த முறை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், பிடித்த கார்டு வரும்வரை முறையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஸ்டாரும் ஸ்ட்ரென்த்தும் சேர்ந்தால் எப்படிப் படிப்பது? ஸ்ட்ரென்த்தில் ஒருத்தி சக்தியைப் பிடித்து வைத்திருக்கிறாள். ஸ்டாரில் ஒருத்தி இரண்டு குடத்திலும் இருப்பதைக் கொட்டிக்கொண்டே இருக்கிறாள், ஒன்று குளத்துக்கு, ஒன்று தரைக்கு. பிடிப்பதும் விடுவதும்.

ஒரே ரீடிங்கில் இரண்டு மூன்று எட்டு வந்தால்?

வெயிட் இதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்: இரண்டு எட்டு வந்தால் புது அறிவு, மூன்று வந்தால் திருமணம், நான்கு வந்தால் பின்னடைவு. மூன்று வரைக்கும் கல்யாணமாக இருந்தது நான்காவதில் ஏன் சறுக்குகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. நான் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதில்லை. கார்டுகளையே ஒன்றோடு ஒன்று பேசவிடுவேன்.

ஒரு உதாரணம். மொழிபெயர்ப்பு வேலை செய்கிற ஒருவர், தொழிலை மாற்றலாமா என்று கேட்டார். மூன்று கார்டு: பென்டகிள்ஸ் எட்டு, ஸ்வார்ட்ஸ் எட்டு, பேஜ் ஆஃப் வாண்ட்ஸ். நான் ‘திறமை, தடை, புதுச் செய்தி’ என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. முதல் இரண்டு கார்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் ஒட்டிவைத்து, “கையைப் பாருங்கள்” என்றார். ஒன்றில் இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, மற்றதில் இரண்டு கையும் பின்னால் கட்டியிருக்கிறது. “எனக்கு ஒரே வகைப் பத்திரம்தான் வருகிறது, பத்து வருஷமாக. நன்றாகச் செய்கிறேன் என்பதால்தான் அதையே தருகிறார்கள்.” வேலையைச் சுத்தமாகக் கற்றுக்கொண்ட கையே கட்டுப்பட்ட கை. எந்தப் புத்தகத்திலும் இந்த விளக்கம் இல்லை. எண் ஒன்றாக இருந்ததால்தான் இரண்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன.

தலைகீழாக வந்தால்?

தலைகீழ் பார்க்காத ரீடர்கள் நிறைய. பார்ப்பவர்களுக்கு: எட்டு தலைகீழானால் சக்தி போய்விட்டது என்று எடுக்காதீர்கள், பிடி மாறிவிட்டது என்று எடுங்கள். ஸ்ட்ரென்த்தில் சிங்கம் பெண்ணை நடத்துகிறது. வாண்ட்ஸில் தாமதம் அல்லது அவசரத்தில் தவறிய குறி. கப்ஸில் போனவர் திரும்புகிறார், அல்லது போகவேண்டியவர் வாசலிலேயே நிற்கிறார். பென்டகிள்ஸில் சலிப்பு, அல்லது ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று செதுக்கியதையே செதுக்கிக்கொண்டிருப்பது. ஸ்வார்ட்ஸ் ஒன்றுதான் தலைகீழாக வந்தால் சந்தோஷப்பட வைக்கும், கட்டு தளர்கிறது.

ஆமா, இல்லையா கேள்விக்கு எட்டு என்ன சொல்லும்?

வாண்ட்ஸ்: ஆம், சீக்கிரம். பென்டகிள்ஸ்: ஆம், உழைத்தால். ஸ்வார்ட்ஸ்: இப்போது இல்லை. கப்ஸ்: உங்களுக்கே அது வேண்டாம். ஸ்ட்ரென்த்: ஆம், ஆனால் அடித்துப் பிடுங்க முடியாது. ஜஸ்டிஸ்: உங்கள் பக்கம் நியாயம் இருந்தால். போதும்.

மார்செய் கட்டில் படமே இல்லையே, எட்டுக் கோப்பை எட்டுக் காசு மட்டும்தானே? அங்கே எப்படி?

அங்கேதான் எண்ணுக்கு முழு மரியாதை. அடுக்கியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஸ்வார்ட்ஸில் ஒற்றைப்படை எண்களில் நடுவே ஒரு நேர்வாள் நிற்கும். எட்டு வரைக்கும் இரட்டைப்படையில் வளைந்த வாள்கள் மட்டும் கூடிநின்று முட்டை வடிவில் ஒரு இடம் விடும், அதற்குள் ஒரு பூ. எட்டு ஆனதும் இரண்டு பக்கமும் வாள்கள் நெருங்கி அந்த இடம் குறுகிவிடுகிறது. கப்ஸ் எட்டில் மேலே மூன்று, கீழே மூன்று, நடுவில் இரண்டு. வெயிட் கட்டில் பழகிய கண்ணுக்கு முதலில் வெறுமையாக இருக்கும். கொஞ்ச நாளில் அந்த நெருக்கமும் சமநிலையும் பேச ஆரம்பித்துவிடும்.

எட்டு மனதில் நிற்க ஏதாவது பயிற்சி உண்டா?

உண்டு, கால் மணி நேரம் போதும். வெயிட் கட்டிலிருந்து நான்கு வகையிலும் ஏழு, எட்டு, ஒன்பதை எடுத்து, வகைக்கு ஒரு வரிசையாகப் பரப்புங்கள். புத்தகத்தை மூடிவையுங்கள். ஒவ்வொரு வரிசையையும் மூன்று காட்சிக் கதையாக வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வாண்ட்ஸில், மேட்டில் நின்று கீழிருந்து வரும் ஆறு தடிகளைத் தனியாளாகச் சமாளிக்கிறார் ஒருவர். அடுத்ததில் தடிகள் பறந்துவிட்டன. அதற்கடுத்ததில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு தடியைப் பிடித்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கப்ஸில், மேகத்தில் மிதக்கும் ஏழு கோப்பைகளில் நகை, பாம்பு, கோட்டை என்று என்னென்னவோ ஆசைகள். பிறகு எல்லாவற்றையும் விட்டு நடை. பிறகு ஒரு திருப்தியான மனிதர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். போனவர்தான் இவரா, அவர் விட்டுப்போன கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்ட வேறொருவரா? இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள், எட்டு இரண்டு விதமாக மாறும்.

ஸ்வார்ட்ஸில், ஐந்து வாள்களைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறார் ஒருவர். அப்புறம் கட்டுப்பட்ட பெண். அப்புறம் நடு இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடியிருக்கும் ஒருவர். இந்தப் படத்தில் கை கட்டு அவிழ்ந்திருக்கிறது என்பதைத் தவறவிடாதீர்கள். பென்டகிள்ஸில், மண்வெட்டியில் சாய்ந்து செடியை வெறித்துப் பார்க்கும் விவசாயி, பெஞ்சில் குனிந்து செதுக்குகிறவர், கடைசியில் திராட்சைத் தோட்டத்தில் கையுறைமேல் பருந்தை வைத்துக்கொண்டு நிற்கும் பெண். பருந்தின் தலையில் முக்காடு போட்டிருக்கும், உற்றுப் பாருங்கள். ஸ்ட்ரென்த்தின் சிங்கத்தையும் எடுத்து அதன் பக்கத்தில் வைக்கத் தோன்றும், வையுங்கள்.